நீலகிரிக் கற்குவைகளும் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸும்: ஒரு வாழ்க்கை வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

நீலகிரி மேட்டுநிலத்தில் உள்ள ஈமக் கற்குவைகளை 1871, 1872 ஆம் ஆண்டுகளில் திறந்து, அவற்றிற் கிடைத்த பொருள்களைத் தொகுத்தவர் அம்மலையின் முதல் ஆணையரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் (1830–1872). அவருடைய வாழ்க்கையையும் அகழ்வுப் பணியையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. கற்குவைகளைக் கட்டியோர் யாவர் என்னும் வினாவிற்கு அவர் சார்ந்து நின்ற விடை பிற்கால ஆய்வில் நிலைபெறவில்லை. எனினும் அவர் தொகுத்த பொருள்களும் பதிவுகளும் அவ்விடையை மறுப்பதற்கே சான்றாய் அமைந்தன. ஓர் ஆய்வாளனின் முடிபைவிட அவன் விட்டுச்செல்லும் பதிவே நெடுநாள் வாழ்கிறது என்பதும், நீலகிரிக் கற்குவைகளைத் தமிழக வரலாற்றின் புறத்தே நிறுத்தும் வழக்கம் மறுசிந்தனைக்கு உரியது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: கற்குவை, கல்வட்டம், கல்திட்டை, நீலகிரி, தோடர், பெருங்கற்காலம், பிரீக்ஸ்

முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் செல்வோர் சித்தன்னவாசல் குன்றை அதன் குடைவரை ஓவியங்களுக்காகவும் சமண முனிவர் படுக்கைகளுக்காகவும் கண்டு வருவர். அக்குன்றைச் சூழ்ந்த நிலத்தில் வட்டமாகப் பதிக்கப்பெற்ற கற்களைக் கண்டு நிற்போர் சிலரே. அவை இறந்தோரை அடக்கஞ்செய்த இடங்கள். தமிழகத்தின் சமவெளியிலும் மலைமுகடுகளிலும் இத்தகைய ஈமச் சின்னங்கள் பரவலாகக் காணப்படுகின்றன. கற்களைக் குவித்தமைத்தது கற்குவை. சுற்றிலும் கல் நட்டது கல்வட்டம். பலகைக் கற்களால் நிலத்தினுள் அறையாக அமைத்தது கற்பதுக்கை. நிலத்தின்மேல் வீடுபோல் எழுப்பியது கல்திட்டை. பாண்டவர் வீடு, குள்ளர் வீடு, மோரியர் வீடு என்று மக்கள் இவற்றுக்கு இட்ட பெயர்கள், கட்டியோரின் நினைவு மறைந்த பின்னர்க் கற்பனை அவ்விடத்தை நிரப்பியதைக் காட்டுகின்றன.

சங்க இலக்கியம் இவ்வழக்கங்களை நன்கறியும். பாலைநிலத்து வழியில் அம்புபட்டு மாய்ந்தோரின் உடலை மூடிய பதுக்கைகளை அகப்பாடல்கள் குறிக்கின்றன. தாழியிற் கவித்தலையும் நடுகல் எடுத்தலையும் புறப்பாடல்கள் குறிக்கின்றன. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, இறந்தோரை அடக்கும் முறைகளை வகைப்படுத்தியே கூறுகிறது. ஆதலால் ஈமச் சின்னங்கள் பற்றிய ஆய்வு தொல்லியலார்க்கு மட்டும் உரியதன்று; தமிழிலக்கியம் பயில்வோர்க்கும் உரியதாகும்.

இவ்வாய்வின் தொடக்ககால வரலாற்றில் நீலகிரிக்குத் தனியிடம் உண்டு. அங்குள்ள குவைகளிற் கிடைத்த மட்கலங்களும் வெண்கலக் கிண்ணங்களும் தென்னிந்தியாவில் வேறெங்கும் அதே வடிவில் காணக் கிடைக்காதவை. அவற்றை ஓர் ஒழுங்கில் தொகுத்து உலகறியச் செய்தவர் தொழிலால் தொல்லியலார் அல்லர். வருவாய்த்துறை வழியே வளர்ந்த ஓர் ஆட்சியாளர்.

பிறப்பும் தொடக்கப் பணியும்

பிரீக்ஸ் 1830 மார்ச்சு 5 ஆம் நாள் இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள வெஸ்ட்மோர்லாந்து மாவட்டத்தில் வார்கோப் என்னும் ஊரில் பிறந்தார். அம்மாவட்டம் புல்வெளி மேடுகளும் குன்றுகளும் நிறைந்தது. அங்கும் தொல்பழங்கால மக்கள் கற்களைக் குவித்தும் வட்டமாக நட்டும் தம் இறந்தோரையும் தம் வழிபாட்டிடங்களையும் குறித்துள்ளனர். ஷாப் என்னும் ஊரையொட்டி நீண்ட கல் வரிசை ஒன்று இருந்தது. உழவுக்கும் கட்டுமானத்துக்கும் கற்கள் உடைக்கப்பட்டதால் அது பெரிதும் அழிந்தது. அவ்வரிசையைச் சார்ந்த கல்வட்டம் ஒன்றின்மீது 1840களில் இருப்புப்பாதையே அமைக்கப்பட்டது. பிரீக்ஸின் இளமைக்காலம் இவ்வழிவு நடந்த காலமாகும். தொல்சின்னம் என்பது காப்பாரின்றேல் ஒரு தலைமுறைக்குள் மறையக்கூடியது என்பதற்கு அவர் பிறந்த மண்ணே சான்று.

1849 ஆம் ஆண்டு, பத்தொன்பதாம் அகவையில், அவர் சென்னை மாகாணக் குடிமைப் பணியில் சேர்ந்தார். வருவாய், நிதி ஆகிய துறைகளில் பல பதவிகளை வகித்தார். 1861 இல் சர் வில்லியம் டெனிசன் சென்னையின் ஆளுநராக வந்தபோது, அவருடைய தனிச்செயலராகப் பிரீக்ஸ் அமர்த்தப்பெற்றார். 1864 வரை அப்பொறுப்பில் இருந்தார். டெனிசன் பொறியியல் பயின்ற படைத்துறையினர். ஆஸ்திரேலியாவில் ஆளுநராக இருந்து வந்தவர். பிரீக்ஸ் அவருடைய மகளை மணந்துகொண்டார். பின்னர் இங்கிலாந்து சென்று வணிகத்தில் ஈடுபட்டார். சில ஆண்டுகளில் அதனை விடுத்து மீண்டும் சென்னை மாகாணப் பணிக்குத் திரும்பினார். அத்திருப்பமே அவரை நீலகிரிக்குக் கொண்டுசேர்த்தது.

நீலகிரியின் முதல் ஆணையர்

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819 இல் நீலகிரிக்குச் சென்றதையடுத்து, அம்மலை ஐரோப்பியரின் கோடை வாழிடமாக வளர்ந்தது. உதகமண்டலத்தில் மாளிகைகளும் தேவாலயங்களும் எழுந்தன. 1860களில் சின்கோனாவும் காப்பியும் தேயிலையும் மலைச்சரிவுகளில் பரவின. நிலத்துக்கான போட்டி மிகுந்ததால், தொலைவிலுள்ள கோயம்புத்தூரிலிருந்து மலையை ஆள்வது இயலாதாயிற்று. 1868 ஆகஸ்டில் நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, ஆணையர் ஒருவரின் ஆட்சியின்கீழ் வைக்கப்பட்டது. முதல் ஆணையராகப் பொறுப்பேற்றவர் பிரீக்ஸ். அப்பொழுது அவருக்கு வயது 38.

அவர் ஆளவந்த நிலத்தில் எருமை வளர்த்து வாழும் தோடர்களும், கொல்லும் குயமும் உள்ளிட்ட கைத்தொழில் வல்ல கோத்தர்களும், உழவராகிய படகர்களும், காடு சார்ந்து வாழும் குறும்பர்களும் இருளர்களும் இருந்தனர். ஒரு குடியினர் விளைத்ததையும் செய்ததையும் மற்றொரு குடியினர் பெற்று வாழ்ந்த அம்முறை, தமக்குள் நிறைவுடைய ஓர் உலகமாக ஐரோப்பியருக்குத் தோன்றியது. நில உரிமை, காட்டுரிமை, மேய்ச்சலுரிமை ஆகிய அனைத்தையும் முடிவுசெய்யும் அதிகாரம் ஆணையரின் கையில் இருந்தது. அவருடைய ஆய்வுப் பணியை மதிப்பிடும்போது இந்த அதிகார நிலையை மறத்தல் ஆகாது.

குவைகளை முன்னர்த் திறந்தோர்

நீலகிரிக் கற்குவைகளின்பால் கவனம் செலுத்தியவர்களுள் பிரீக்ஸ் முதல்வரல்லர். படைத்துறை அலுவலரான ஹென்றி ஹார்க்னஸ் 1832 இல் வெளியிட்ட நூல், தோடர்களை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியது. காப்டன் காங்கிரீவ் 1847 இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் நீலகிரித் தொல்பொருள்கள் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். நடு ஆசியப் புல்வெளிகளில் வாழ்ந்த சிதியர் என்னும் பழங்குடியின் வழித்தோன்றல்களே தோடர்கள் என்பதும், குவைகளைக் கட்டியோர் அவர்தம் முன்னோர் என்பதும் காங்கிரீவின் துணிபு. கேத்தியில் தங்கிப் பணியாற்றிய பாசல் மறைப்பணிக் குழுவின் மெட்ஸ் பாதிரியார், மலைவாழ் மக்களின் மொழிகளைப் பயின்று அவர்தம் வழக்கங்களைப் பதிவுசெய்தார்.

இவர்களைத் தவிர, பொழுதுபோக்காகவும் புதையல் ஆசையாலும் குவைகளைத் தோண்டியோரும் உளர். அவ்வாறு எடுக்கப்பட்ட கலங்கள் எக்குவையினுடையவை, எவ்வாழத்தில் கிடந்தவை என்னும் குறிப்பின்றித் தனியார் இல்லங்களில் அணிபொருள்களாகச் சிதறின. இடம் அறியப்படாத பொருள் அழகுப் பொருளாகலாம், சான்றாவது அரிது. புதையற் பொருள் பற்றிய சட்டம் 1878 இலும், தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1904 இலும் பிறந்தவையாதலின், அந்நாளில் குவையைத் திறப்பாரைத் தடுக்க ஏதும் இல்லை.

அருங்காட்சியகத்தின் வேண்டுகோள்

1871 இல் கல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் அறங்காவலர்கள் ஒரு வேண்டுகோளை விடுத்தனர். நீலகிரிப் பழங்குடியினரின் படைக்கலங்கள், அணிகள், உடைகள், வீட்டுப் பொருள்கள், உழவுக் கருவிகள் ஆகியவற்றையும், பழைய குவைகளிலும் பிற சின்னங்களிலும் காணப்படும் பொருள்களையும் திரட்டித் தருமாறு அவர்கள் கேட்டனர். இப்பணி ஆணையராகிய பிரீக்ஸிடம் வந்தது.

வேண்டுகோளின் அமைப்பே ஒரு கருத்தைத் தன்னுள் கொண்டிருந்தது. வாழும் மக்களின் கைப்பொருளையும் மறைந்தோரின் கல்லறைப் பொருளையும் ஒரே தொகுப்பில் வைக்கக் கேட்டமையால், முன்னதற்கும் பின்னதற்கும் உறவு உண்டு என்னும் எண்ணம் முதலிலேயே உட்புகுந்தது. இக்குவைகள் இம்மலைக் குடிகளுள் எவருடையவை என்று வினவும் நிலை அங்கிருந்தே தோன்றியது. இக்குடிகளுள் எவருடையவும் அல்லாமல் இருத்தலும் கூடுமோ என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்பட்டது.

பிரீக்ஸ் பணியை இருவகையாகப் பகுத்துக்கொண்டார். ஒன்று, ஒவ்வொரு குடியினரின் வாழ்க்கை, மணம், இறப்புச் சடங்கு, வழிபாடு ஆகியவற்றைக் கேட்டறிந்து எழுதுதல். மற்றொன்று, மலையின் பல பகுதிகளில் உள்ள குவைகளையும் கல்வட்டங்களையும் திறந்து, கிடைத்த பொருள்களை இடப்பெயரோடு குறித்தல். சோலூர், மேலூர் போன்ற ஊர்ப்புறங்களில் உள்ள புடைப்புச் சிற்பங்களுடன் கூடிய கல்திட்டைகளும் அவருடைய பதிவில் இடம்பெற்றன. சென்னைக் கலைப்பள்ளி மாணவர்கள் மக்களையும் பொருள்களையும் ஒளிப்படம் எடுத்தனர். தென்னிந்தியத் தொல்லியல் நூல் ஒன்றில் ஒளிப்படம் சான்றாக இத்துணை இடம் பெற்றது அந்நாளில் புதுமை.

குவைகளின் அமைப்பும் பொருளும்

நீலகிரிக் குவைகள் பெரும்பாலும் காற்றடிக்கும் மலைமுகடுகளில் அமைந்தவை. ஒருவகைக் குவையில், சாந்தின்றி அடுக்கிய கற்சுவர் வட்டமாக எழுந்து கிணற்றின் கைப்பிடிச் சுவரை ஒத்துத் தோன்றும். வட்டத்தின் உட்புறம் மண்ணாலும் கல்லாலும் நிரம்பியிருக்கும். அதனை அகற்றினால் பலகைக் கற்களும், அவற்றையொட்டி எரிந்த எலும்பும் சாம்பலும் அடங்கிய கலங்களும் காணப்படும். இறந்தோரை எரித்து, எஞ்சியதை அடக்கஞ்செய்த முறையை இது காட்டுகிறது.

கலங்களுள் குறிப்பிடத்தக்கவை, அடுக்கடுக்காக உயர்ந்து மூடியின் உச்சியில் உருவம் தாங்கிய நெடுங்கலங்கள். எருமை உருவங்கள் மிகுதி. அவற்றுடன் யானை, பறவை, குதிரைமேல் அமர்ந்த வீரர், ஆண், பெண் எனப் பல உருவங்கள் உள்ளன. சக்கரத்தில் வனைந்து முடித்த நுண்மை இவ்வுருவங்களில் இல்லை. ஆயினும் எருமையின் கொம்பு வளைவையும் கழுத்து மணியையும் நோக்கி அறிந்த கண் ஒன்று அவற்றை உருவாக்கியது என்பதில் ஐயமில்லை. இரும்புப் பொருள்களில் ஈட்டிமுனை, அம்புமுனை, கத்தி, அரிவாள், கத்தரி ஆகியவை கிடைத்தன. பொன்னணிகளும் செம்மணிக்கல் மணிகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அனைத்தினும் சிறந்தவை மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள். அவற்றின் வேலைப்பாடு, மலைக்கு வெளியேயுள்ள பட்டறைகளோடும் வணிக வழிகளோடும் குவை கட்டியோர்க்குத் தொடர்பு இருந்தமையைப் புலப்படுத்துகிறது.

யாருடைய கல்லறைகள்?

பிரீக்ஸ் எதிர்கொண்ட முதன்மையான வினா இதுவே. தோடர்கள் சார்பான வாதத்துக்கு வலுவான கூறுகள் இருந்தன. தோடர் வாழ்வின் நடுவாக விளங்குவது எருமை. குவைக் கலங்களிலும் எருமையே மிகுதி. தோடர்கள் இறந்தோரை எரிப்பர்; எருமையைப் பலியிடுவர்; இரண்டாம் ஈமச்சடங்கின் முடிவில் கல்வட்டம் ஒன்றினுள் எஞ்சியவற்றை எரித்துச் சாம்பலை அடக்குவர். கல்வட்டம், எரிப்பு, எருமை என்னும் மூன்றும் ஒருசேர அமைந்தமையால், பிரீக்ஸ் தோடர் சார்பு வாதத்தின் பக்கமே சாய்ந்தார்.

அதே நேரத்தில், தம் சார்புக்கு ஒத்துவராத செய்திகளை அவர் மறைக்கவில்லை. குறும்பர்கள் இறந்தோர்க்காக நீரால் தேய்ந்த நீள்கல் ஒன்றைக் கொணர்ந்து பழைய கல்திட்டைகளில் வைக்கும் வழக்கத்தை அவர் குறித்தார். மறைந்தோரின் சின்னத்தை வாழ்வோர் ஏற்றுத் தம் சடங்கில் இணைத்துக்கொள்வதற்கு இஃது அரிய எடுத்துக்காட்டு. ஒரு சின்னத்தைப் பயன்படுத்துவோர் அதனைக் கட்டியோராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை என்பதை இவ்வழக்கம் உணர்த்துகிறது.

மறுவாதங்களும் அவருடைய தொகுப்பிலேயே பொதிந்து கிடந்தன. தோடர்கள் அந்நாளில் கலம் வனையவில்லை, இரும்பு உருக்கவில்லை, அவ்விரண்டையும் கோத்தரிடமிருந்து பெற்றனர். அவர்கள் அந்நாளில் நிலத்தை உழவில்லை; குவைகளிலோ அரிவாள்கள் கிடைத்தன. குதிரைவீரரும் படைக்கலங்களும் போரறியாத அம்மேய்ப்பர் வாழ்வோடு பொருந்தவில்லை.

தோடர்கள் இக்குவைகளைத் தம்முடையவை என உரிமை கோரவில்லை என்பதும், பிறர் அவற்றைத் திறந்தபோது தடுக்கவில்லை என்பதும் அந்நாளைய எழுத்துகளில் அடிக்கடி பேசப்படுவன. இதனைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். திறப்பவர் படை அலுவலராகவோ ஆணையராகவோ இருக்கும்போது, மேய்ச்சல் நிலத்தின் உரிமைக்கு அவரையே நம்பியிருக்கும் மக்கள் வாய்திறந்து மறுப்பர் என்று எதிர்பார்த்தல் இயலாது. மறுப்பின்மை உறவின்மைக்கு அடையாளமாகலாம். அதிகாரத்தின் முன் நேர்ந்த அமைதியாகவும் இருக்கலாம். அவ்வமைதியின் பொருளைப் பிரித்தறியும் வழி, கேட்பவரே ஆள்பவராகவும் இருந்த அச்சூழலில் இல்லை. பிரீக்ஸின் பணியில் இன்றைய ஆய்வாளர் முதன்மையாகக் காணவேண்டிய வரம்பு இதுவே.

முற்றுப்பெறாத அறிக்கை

பணி தொடங்கி ஓராண்டு கடந்த நிலையில், 1872 சூனில் பிரீக்ஸ் உதகமண்டலத்தில் காலமானார். அவருக்கு வயது 42. பொருள்கள் திரட்டப்பட்டிருந்தன, குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன, அறிக்கை இறுதி வடிவம் பெறவில்லை.

அக்குறிப்புகளை ஒழுங்குபடுத்தி நூலாக்கியவர் அவருடைய மனைவி. நீலகிரியின் பழங்குடியினரையும் தொல்சின்னங்களையும் பற்றிய அந்நூல் 1873 இல் இலண்டனில் வெளிவந்தது. நூல்முகப்பில் பதிப்பாசிரியராக அவருடைய பெயர் இல்லை. ஆசிரியரின் கைம்பெண் என்னும் உறவுநிலை மட்டுமே குறிக்கப்பட்டது. பொருளும் படமும் குறிப்பும் தனித்தனியே பிரிந்துபோகாமல் ஒரு நூலுள் நின்றமைக்கு அவருடைய உழைப்பே காரணம். அவ்வுழைப்பு நிகழாதிருந்தால், காங்கிரீவுக்கு முன்னும் பின்னும் தோண்டியோரின் கலங்களைப் போலவே பிரீக்ஸ் திரட்டியவையும் முகவரி இழந்திருக்கும். தென்னிந்தியத் தொல்லியல் வரலாற்றை எழுதுவோர் இப்பெண்மணியின் பங்கைத் தனியே குறித்தல் கடன்.

அதே 1873 இல் தோடர் பற்றிய மற்றொரு நூலும் வெளிவந்தது. மார்ஷல் என்னும் படை அலுவலர் எழுதிய அந்நூலில், தமிழறிஞர் ஜி. யு. போப் எழுதிய தோடமொழி இலக்கணச் சுருக்கம் பின்னிணைப்பாக அமைந்தது. உதகமண்டலத்தில் பல ஆண்டுகள் பள்ளி நடத்தியவர் போப். கால்டுவெல்லும் தம் ஒப்பிலக்கணத்தில் தோடமொழியைத் திராவிட மொழிகளுள் வைத்தார். தோடர் சிதியர் வழியினர் என்னும் கருத்து இவ்வாறு மொழியியலால் தளர்ந்தது. கல்லறையைத் தோண்டி விடை தேடிய அதே காலத்தில், வாய்மொழியைக் கேட்டு வேறொரு விடை கண்டவர்கள் தமிழ் பயின்றவர்களே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

உதகமண்டலத்தில் பிரீக்ஸ் பெயரால் நினைவுப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. அந்நகர மக்களிடையே அவர் பெயர் வாழ்வது பெரும்பாலும் அப்பள்ளியின் வழியே. குவைகளைத் திறந்தவர் என்னும் அடையாளம் ஆய்வாளர் வட்டத்துள் நின்றுவிட்டது.

தொகுப்பின் பிற்கால வாழ்வு

பிரீக்ஸ் தொகுத்த பொருள்களின் பெரும்பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தது. நீலகிரிக் குவைகளினின்று எடுக்கப்பட்ட வெண்கலக் கிண்ணங்கள் சில இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. 1863 இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், சென்னை அருங்காட்சியகத்தின் தொல்பழங்காலப் பொருள்களுக்கு 1901 இல் விளக்க அட்டவணை வெளியிட்டார். அதில் நீலகிரி மட்கலங்கள் பெரும் பகுதியாக அமைந்தன. தோண்டியவர் மறைந்து 29 ஆண்டுகள் கடந்த பின்னரும் வேறொருவர் அக்கலங்களை வரிசைப்படுத்த முடிந்தமைக்கு இடக்குறிப்புகளே துணைநின்றன.

ரிவர்ஸ் என்னும் மானிடவியலார் 1906 இல் வெளியிட்ட தோடர் பற்றிய பெருநூல், அவர்தம் சடங்குகளை நுணுகி விளக்கி, ஒப்பீட்டுக்குத் திண்ணிய அடித்தளம் அமைத்தது. பின்னர் எமனோ தோடமொழியையும் பாடல்களையும் ஆழ்ந்து ஆய்ந்து, அம்மொழியின் தென்திராவிட உறவை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். குவைகளோ பெரும்பாலும் கி.பி. முதலாயிரத்தாண்டின் முற்பகுதியைச் சார்ந்தவை என்று கருதப்படுகின்றன. அக்காலத்து மலைமக்களை இன்றைய ஒரு குடியோடு மட்டும் நேர்ப்படுத்துவதை இன்றைய ஆய்வு ஏற்பதில்லை.

மேட்டுநில ஈமச் சின்னங்களைப் பற்றிய ஆய்வு நீலகிரியோடு நின்றுவிடவில்லை. திருச்சிராப்பள்ளியோடு நெருங்கிய தொடர்புடைய மதுரை மறைப்பணித் தளத்து இயேசு சபையினரான ஆங்கிலாத், நியூட்டன் ஆகிய இருவரும் பழனிமலையின் கல்திட்டைகளை ஆராய்ந்தனர். அவர்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928 இல் தன் நினைவுக்குறிப்பு வரிசையில் வெளியிட்டது. கே. ஆர். சீனிவாசன் 1946 இல் தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச் சின்னங்களைத் தமிழிலக்கியச் சான்றுகளோடு பொருத்தி எழுதிய கட்டுரை, பதுக்கையும் தாழியும் நடுகல்லும் பற்றிய பாடற்செய்திகளைத் தொல்லியல் மேசைக்குக் கொண்டுவந்தது.

இவ்விடத்தில் ஒன்றை எடுத்துரைத்தல் தகும். சீனிவாசன் காட்டிய வழி பெரும்பாலும் சமவெளித் தாழிக்காடுகளையும் கல்வட்டங்களையும் நோக்கியே தொடரப்பட்டது. நீலகிரிக் குவைகள் பழங்குடியியல் என்னும் பிரிவில் தனித்து வைக்கப்பட்டன. 1871 இன் வேண்டுகோள் வகுத்த பாகுபாடு இன்றளவும் நூலக அடுக்குகளில் நீடிக்கிறது. குவைகள் கட்டப்பட்ட காலமோ சங்ககாலத்தின் பிற்பகுதியையும் அதனை அடுத்த நூற்றாண்டுகளையும் தொடுகின்றது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த வெண்கலக் கலன்களின் மூடிகளிலும் விலங்கு, பறவை உருவங்கள் உள்ளன. பொருநைக் கரையின் ஈமக்காட்டையும் நீலகிரி முகட்டையும் ஒருசேர வைத்து நோக்கின், மூடிமேல் உயிருருவம் அமைத்து இறந்தோரோடு வைக்கும் கருத்து இரு நிலத்துக்கும் பொதுவாவது தெரியும். காலமும் கைவினையும் வேறுபடினும் இவ்வொப்புமை ஆராயத்தக்கது.

முடிவுரை

பிரீக்ஸ் ஏறத்தாழ ஓராண்டுக் காலமே குவைகளை ஆராய்ந்தார். அவர் சார்ந்த முடிபு நிலைக்கவில்லை. அவர் வினவிய முறை ஆட்சியதிகாரத்தின் நிழலில் அமைந்தது. இறந்தோரின் உறைவிடங்களைத் திறந்தவர் என்னும் குறையும் அவர்பால் உண்டு. திறக்கப்பட்ட குவையை மீண்டும் முன்னிருந்த நிலையில் எவரும் காண இயலாது.

இவையனைத்தையும் கருதிய பின்னரும் அவருக்குரிய மதிப்பு எஞ்சுகிறது. எப்பொருள் எங்குக் கிடைத்தது என்பதை எழுதிவைத்தார். தம் கருத்துக்கு எதிரான வழக்கத்தையும் பதிவுசெய்தார். அதனால், அவரை மறுப்பவரும் அவரையே சான்றுகாட்ட வேண்டியதாயிற்று. அவர் விட்ட பணியை அவருடைய மனைவி நூலாக நிலைநிறுத்தினார்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள எருமை மூடிக் கலங்களையும் நூலகங்களில் உள்ள 1873 ஆம் ஆண்டு நூலையும் சங்கப் பாடல்களின் பதுக்கைக் குறிப்புகளையும் ஒரே ஆய்வில் இணைத்து நோக்கும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது. சித்தன்னவாசல் நிலத்துக் கல்வட்டங்களிலிருந்து அவ்வாய்வைத் தொடங்குதல் திருச்சிராப்பள்ளி வட்டார ஆய்வாளர்க்கு எளிது. ஆங்குள்ள கற்கள் இன்னும் தம் இடத்தில் நிற்கின்றன. ஷாப் ஊரின் கல் வரிசைக்கு நேர்ந்தது அவற்றுக்கு நேராமுன் அவற்றின் இடத்தையும் அளவையும் அமைப்பையும் தோண்டாமலே பதிவுசெய்தல் உடனடிக் கடமையாகும்.